யூரியா போட்டா மழை அடிச்சுட்டுப் போகுது, சாணம் போட்டா லேட்டாகுது: பேச்சிப்பாறை தோட்டங்களில் தழைச்சத்து எங்கே போகிறது?

காலையில் யூரியா வீசியாச்சு. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் ஏத்தன் வாழை விளையில் நிற்கும் விவசாயிக்கு ஒரே கேள்விதான்: போட்ட உரம் மண்ணில் இருக்கா, ஓடையில் போயாச்சா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, குலசேகரம், திற்பரப்பு பகுதிகளில் இந்தக் கேள்வி வருஷத்துக்கு இரண்டு முறை வரும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் முழுசாக வாங்கிக்கொள்ளும் இடம் இது.

இன்னொரு பக்கம், ரசாயன உரமே வேண்டாம் என்று சாணம், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்குக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி வேறு. "வண்டி வண்டியா எரு போட்டும் இலை ஏன் மஞ்சளாவே இருக்கு?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு நைட்ரஜன் போட்டோம் என்பது ஒரு கணக்கு. வேருக்கு அது எப்போது, எந்த வடிவத்தில் கிடைத்தது என்பது வேறு கணக்கு.

முதலில், தழைச்சத்து என்றால் என்ன?

நைட்ரஜனுக்குத் தமிழ் விவசாயத்தில் தழைச்சத்து என்று பெயர். இலை, தண்டு, பச்சை நிறம் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. இந்தப் பெயர்களிலேயே பழைய எருக்கணக்கு இருக்கிறது. தழையை மிதித்தும் சாம்பலைத் தூவியும் விவசாயம் செய்த ஊர்கள் இவை. நாஞ்சில் நாட்டு நெல் வயல்களில் தழை வெட்டிப் போட்டுச் சேற்றில் மிதித்த வழக்கத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் வாழையோ ரப்பரோ அதை நேரடியாக எடுக்க முடியாது. வேர் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் மட்டுமே நைட்ரஜனை உறிஞ்சும். ஒன்று அம்மோனியம், இன்னொன்று நைட்ரேட். யூரியாவானாலும் சாணமானாலும் பச்சிலையானாலும், கடைசியில் இந்த இரண்டில் ஒன்றாக மாறியாக வேண்டும். யூரியாவுக்கு அந்த மாற்றம் சில நாள் வேலை. சாணத்துக்கு மாதங்கள், சில பகுதிக்கு வருஷங்களே ஆகும்.

யூரியா போட்டவுடன் என்னாகும்?

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. மண்ணில் ஈரம் பட்டதும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக மாற்றத் தொடங்கும். நம்மூர் வெப்பத்தில் இது இரண்டு நாள் முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். அடுத்து மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். இதற்கு இரண்டு மூன்று வாரம்.

இந்தப் பயணத்தில் மூன்று இடங்களில் திருட்டு நடக்கிறது.

முதல் இடம், மண்ணின் மேல்பரப்பு. யூரியாவை மேலே தூவிவிட்டு அப்படியே விட்டால், குருணை கரையும் இடத்தில் மட்டும் காரத்தன்மை திடீரென்று ஏறும். அப்போது அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் உள்ள சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண்ணில் இந்த இழப்பு அதிகம். பேச்சிப்பாறை மண் அமிலத்தன்மை உள்ளது என்பதால் இங்கே கொஞ்சம் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. காய்ந்த சருகின் மேல் விழுந்த யூரியா, மண்ணைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். சருகிலும் யூரியேஸ் ஏராளமாக இருக்கிறது.

இரண்டாவது இடம்தான் இந்தப் பகுதிக்கு முக்கியம். யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது. மண் துகள் அதைப் பிடித்து வைக்காது. எனவே அம்மோனியமாக மாறுவதற்கு முன்பே கனமழை வந்தால், யூரியா யூரியாவாகவே தண்ணீரோடு இறங்கிவிடும். மாறிய பிறகு வரும் நைட்ரேட்டும் அப்படித்தான். அது எதிர்மின்னூட்டம் உள்ளது. களிமண்ணும் எதிர்மின்னூட்டம் உள்ளது. ஒட்டாது. நடுவில் இருக்கும் அம்மோனியம் மட்டும்தான் மண்ணில் ஒட்டி நிற்கும்.

மூன்றாவது, தண்ணீர் தேங்கும் இடம். காற்று கிடைக்காத மண்ணில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். ஏலாவை அடுத்த தாழ்வான வாழைத் தோட்டங்களில் இது நடக்கும்.

அதனால்தான் மழை விஷயத்தில் ஒரு வேடிக்கை. யூரியா போட்ட பின் 10, 15 மில்லிமீட்டர் மிதமான மழை வந்தால் அது வரம். உரத்தை மண்ணுக்குள் இறக்கி, ஆவியாவதைத் தடுக்கும். அதுவே 80 மில்லிமீட்டர் கொட்டினால் வேர் இருக்கும் ஆழத்தையும் தாண்டிப் போய்விடும். முதல் பத்தியில் வந்த விவசாயியின் கேள்விக்கு விடை, அன்று எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதில்தான் இருக்கிறது.

வேப்பெண்ணெய் பூசிய யூரியா இதற்குத்தானே வந்தது?

ஆமாம். 2015 முதல் நாட்டில் விற்கும் மானிய யூரியா முழுவதும் வேம்பு பூசியதாகவே இருக்க வேண்டும் என்பது விதி. வேம்பில் உள்ள சில பொருட்கள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களைக் கொஞ்சம் மந்தமாக்கும். அம்மோனியமாக நிற்கும் காலம் கூடினால் மழையில் போவது குறையும். ஆனால் முதல் கட்டத்தில் யூரியாவாகவே அடித்துப் போவதை அது தடுக்காது. வேம்பு பூசியிருக்கிறதே என்று மழை நாளில் தைரியமாக வீசுவது தப்புக் கணக்கு.

பேச்சிப்பாறை மண்ணுக்கு என்ன தனிக்குணம்?

தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் 'அதிக மழை மண்டலம்' என்று தனியாக இருப்பது கன்னியாகுமரி மாவட்டம் மட்டுமே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பேச்சிப்பாறையில் இருக்கிறது. பிபிஐ 1 பலா இங்கிருந்து வந்ததுதான்.

கோதையாற்றின் குறுக்கே 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது. மலையில் விழும் மழையைப் பிடித்து நாஞ்சில் நாட்டு வயலுக்கு அனுப்புவது அந்த அணையின் வேலை. அதே மழைதான் சரிவில் உள்ள மண்ணைப் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கழுவி வந்திருக்கிறது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய செம்புரை மண்தான் இந்த மேட்டு நிலங்களில் அதிகம். அமிலத்தன்மை உள்ள மண். அதில் உள்ள களி கயோலினைட் வகை. சத்தைப் பிடித்து வைக்கும் திறன் ரொம்பக் குறைவு.

கரிசல் மண்ணைப் பெரிய பாத்திரம் என்று வைத்துக்கொண்டால், இது சின்னக் கிண்ணம். மொத்தமாக ஊற்றினால் வழிந்துவிடும். இந்தக் கிண்ணத்தைப் பெரிதாக்க ஒரே வழிதான் கையில் இருக்கிறது: மக்கு. அதாவது, எருவின் மிச்சம். இந்த மண்ணில் சாணத்தின் உண்மையான மதிப்பு அதில் உள்ள நைட்ரஜனைவிட இதில்தான் அதிகம் என்று சொல்லலாம்.

அப்போ சாணம் போட்டாலே போதுமா?

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். மக்கிய தொழு உரத்தில் சுமார் 0.5 சதவீதம் நைட்ரஜன். 10 கிலோவுக்கு 50 கிராம். அந்த 50 கிராமும் இந்த வருஷம் கிடைக்காது. அது புரதமாகவும் மக்காகவும் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, தங்கள் தேவைக்கு மிஞ்சியதை அம்மோனியமாக வெளியே விட வேண்டும். முதல் பயிருக்குக் கிடைப்பது தோராயமாக கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. மிச்சம் ஃபிக்சட் டெபாசிட் மாதிரி. அடுத்தடுத்த வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வட்டி தரும்.

எல்லா இயற்கை உரமும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. கோழி எருவில் நைட்ரஜன் 2, 3 சதவீதம் வரை இருக்கும். அதில் பாதிக்கு மேல் முதல் பயிருக்கே கிடைத்துவிடும். வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம். புண்ணாக்குகள் சில வாரங்களிலேயே சத்தை விடத் தொடங்கும். மண்புழு உரம் தொழு உரத்தைவிட நைட்ரஜன் அதிகம் உள்ளது. ஆனால் எதிலிருந்து தயாரித்தார்கள் என்பதைப் பொறுத்து ரொம்பவே மாறும்.

பேச்சிப்பாறையின் வெப்பமும் ஈரமும் சேர்ந்து இன்னொரு வேலை செய்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் மக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் மூன்று வருஷம் நிற்கும் எரு இங்கே அவ்வளவு நாள் நிற்காது. சத்து சீக்கிரம் கிடைக்கும் என்பது நல்லது. மக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது கெட்டது. ஒரு தடவை நிறையப் போட்டுவிட்டு ஐந்து வருஷம் சும்மா இருக்கலாம் என்ற எண்ணம் இந்த ஊருக்குச் சரிவராது.

எரு போட்டும் மஞ்சள் ஏன்?

காரணம் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். நுண்ணுயிர்களுக்குக் கரிமம் சாப்பாடு என்றால் நைட்ரஜன் அதற்குத் தொட்டுக்கொள்ளும் கறி. ஒரு பொருளில் கரிமம் 20 பங்கும் நைட்ரஜன் ஒரு பங்கும் இருந்தால், நுண்ணுயிர் தின்று மிச்சம் விடும். 30-க்கு மேல் போனால் அதில் உள்ள நைட்ரஜன் அதற்கே போதாது. மண்ணில் ஏற்கெனவே உள்ள நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். இலை மஞ்சளாகும்.

வைக்கோல் சுமார் 80-க்கு 1. மரத்தூள் பல நூறுக்கு 1. குமரி மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு 100-க்கு மேல். இதை அப்படியே வாழை மூட்டில் கொட்டினால் சில மாதங்களுக்கு மஞ்சள் நிச்சயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு முறை சொல்கிறது. நார்க்கழிவில் புளூரோட்டஸ் காளானும் கொஞ்சம் யூரியாவும் சேர்த்து அடுக்கி மக்க வைத்தால், 112-க்கு 1 என்ற விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். இயற்கை உரம் தயாரிக்க யூரியா தேவைப்படுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். யூரியா வேண்டாம் என்றால் கோழி எருவோ கிளைரிசிடியா தழையோ சேர்க்கலாம். நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

ஒரு மூடு வாழைக்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் தோட்டக்கால் வாழைக்குப் பரவலாகச் சொல்லப்படும் பரிந்துரை, ஒரு மூட்டுக்கு ஆண்டுக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல் சத்து. ரகத்தையும் நிலத்தையும் பொறுத்து இது மாறும். 110 கிராமை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

யூரியாவாகக் கொடுத்தால் சுமார் 240 கிராம். மூன்றாகப் பிரித்து 3, 5, 7-ஆம் மாதங்களில் 80 கிராம் வீதம்.

தொழு உரமாக மட்டும் கொடுத்தால்? 10 கிலோவில் இந்த வருஷம் கிடைப்பது சுமார் 15 கிராம். 110 கிராமுக்கு 70 கிலோவுக்கு மேல் வேண்டும். ஏக்கருக்கு 1,000 மூடு என்றால் 70 டன்னுக்கு மேல். அத்தனை சாணம் எந்த ஊரில் இருக்கிறது? வருஷா வருஷம் போட்டுக்கொண்டே வந்தால் பழைய டெபாசிட் சேர்ந்து இந்தத் தேவை குறையும். ஆனால் முதல் வருஷமே யூரியாவை நிறுத்துபவர் விளைச்சலில் அடி வாங்குவது இந்த இடைவெளியால்தான்.

விலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மானியத்தில் யூரியா மூட்டை வரியெல்லாம் சேர்த்து சுமார் 266 ரூபாய். ஒரு கிலோ நைட்ரஜன் 13 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஒரு டன் தொழு உரம் இறக்குக்கூலியோடு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள மொத்த நைட்ரஜன் 5 கிலோ. கிலோ 400 ரூபாய். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "எல்லாரும் இயற்கைக்கு மாறுங்கள்" என்று அறிவுரை சொல்வது சுலபம். அதேநேரம், 13 ரூபாய் என்பது மானிய விலை. மீதியை அரசு கட்டுகிறது. மூட்டையில் பாதி மழையில் போனால், போவது விவசாயியின் காசு மட்டும் கிடையாது.

வாழையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 12 கிலோ குலையின் பழத்தில் இருக்கும் நைட்ரஜன் 20 கிராம் அளவுதான். எடுத்ததில் பெரும்பகுதி இலையிலும் தண்டிலும் இருக்கிறது. குலை வெட்டிய தண்டை நறுக்கி அந்த விளையிலேயே போட்டால் அது திரும்ப மண்ணுக்கு வரும். சாம்பல் சத்து இன்னும் அதிகமாகத் திரும்பும். முடிக்கொத்து நோய், வாடல் நோய் வந்த மூடுகளை மட்டும் அப்படிப் போடக் கூடாது, அப்புறப்படுத்த வேண்டும்.

ஜீவாமிர்தம், நானோ யூரியா: இவை எங்கே வருகின்றன?

ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம். அதில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. சாணத்தில் 35 கிராம், கோமியத்தில் 100 கிராம், மாவில் 70 கிராம் என்று கூட்டினால் மொத்த நைட்ரஜன் 200 கிராம் சுற்றுவட்டாரத்தில் நிற்கும். ஏக்கருக்கு 1,000 வாழையின் தேவை 110 கிலோ. எனவே ஜீவாமிர்தத்தை நுண்ணுயிர் ஊக்கியாக நம்புபவர்கள் நம்பலாம், தழைச்சத்து உரம் என்று மட்டும் கணக்கில் எழுத முடியாது.

அதே அளவுகோலை நானோ யூரியாவுக்கும் வைக்க வேண்டும். இஃப்கோ நிறுவனம் 2021-ல் கொண்டுவந்த அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம் நைட்ரஜன். அதாவது 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20.7 கிலோ. இலை வழியே போவதால் வீணாவது குறைவு என்று நிறுவனம் சொல்கிறது. அது உண்மையாகவே இருந்தாலும் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை அது அடைக்குமா என்று கேள்வி எழுந்தது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல், கோதுமையில் செய்த வயல் சோதனைகளில், வழக்கமான யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்தபோது விளைச்சல் குறைந்ததாகவே முடிவு வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்யும் குமரியில் இலைத் தெளிப்பு காய்ந்து ஒட்டவே நேரம் கிடைக்காத நாட்கள் நிறைய.

ரப்பர் தோட்டம் சொல்லும் பாடம்

பேச்சிப்பாறையைச் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை ரப்பர்தான். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் இந்த மலைப்பகுதியில்தான் உள்ளன. ரப்பர் கன்று நட்ட முதல் சில வருஷங்களில் இடைவெளியில் புவேரேரியா, மியூக்குனா போன்ற கொடிகளைப் படர விடுவது பழைய வழக்கம். இரண்டும் பயறு குடும்பம். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாக்கள் காற்று நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். நன்றாகப் படர்ந்தால் ஆண்டுக்கு எக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் சேரும். லாரி வாடகையும் சுமைக்கூலியும் இல்லாமல் வரும் உரம் இது. மழை அடியில் மண் அரிப்பையும் தடுக்கும்.

இப்போது பலர் அந்த இடைவெளியில் அன்னாசி போடுகிறார்கள். முதல் வருஷங்களில் கையில் காசு வர வேறு வழி இல்லை என்பது புரிகிறது. ஆனால் கொடி கொடுத்த நைட்ரஜனை இனி மூட்டையில் வாங்க வேண்டியிருக்கும். சரிவில் மண் திறந்து கிடப்பதால் போட்ட உரம் நிற்பதும் குறையும். அன்னாசி வருமானத்தோடு இந்தச் செலவையும் எழுதிப் பார்த்தால்தான் லாபம் எவ்வளவு என்று தெரியும்.

கம்பம் பள்ளத்தாக்கில் கதை வேறு

இதே நைட்ரஜன் கேள்வி திராட்சையில் இன்னும் நுணுக்கமானது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டு குமரியின் மட்டி வாழைக்கும் அந்தக் குறியீடு கிடைத்தது. வாழைக்கு நைட்ரஜன் கொஞ்சம் கூடினால் இலை பெருக்கும், பெரிய நஷ்டமில்லை. திராட்சைக்குக் கூடினால் வம்பு. கொடி தழைத்துப் பந்தலை மூடிவிடும். வெயில் படாத மொட்டுகளில் அடுத்த கவாத்துக்குக் குலை குறையும். காற்றோட்டம் இல்லாத பந்தலில் அடிச்சாம்பல் நோய் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கம்பத்தில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை உண்டு. கவாத்திலிருந்து அறுவடை வரை சுமார் நான்கு மாதம்தான். சாணம் அந்த நான்கு மாதக் கட்டத்துக்குள் அடங்காது. கவாத்து நாளில் போட்ட எரு தன் சத்தை விட்டு முடிப்பதற்குள் பழம் இனிப்பேறும் காலம் வந்துவிடும். கொடிக்கு நைட்ரஜன் தேவையில்லாத நேரம் அது. எனவே மெதுவாக மக்கும் எருவைக் கவாத்துக்கு முன்கூட்டியே மண்ணில் சேர்த்துவிட்டு, உடனே கிடைக்கும் உரத்தைச் சிறு சிறு தவணையாகக் கொடுப்பதுதான் வழி. கவாத்து முடிந்த முதல் வாரங்களில் கொடி பெரும்பாலும் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டே துளிர்க்கிறது. அந்த வாரம் அள்ளிப் போடும் யூரியாவில் பாதிக்கு வேலையே இல்லை.

ஒயின் திராட்சை விளையும் நாடுகளில் எதிர்ப்பக்கக் கவலையும் உண்டு. பழச்சாற்றில் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் லிட்டருக்கு சுமார் 140 மில்லிகிராமுக்குக் கீழே போனால் புளிப்பது பாதியில் நின்றுவிடும். அதிகம் போட்டாலோ நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுகிறது என்று 1991-லேயே ஐரோப்பா தனிச் சட்டம் போட்டது. இந்தியாவில் குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஓடையில் போயாச்சா என்று விவசாயி கேட்ட அந்த உரம், கீழே யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றுக்கும் போகலாம்.

நூறு வருஷச் சோதனையும் ஆறு மாதச் சோதனையும்

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றும் இருக்கிறது. ஒரு துண்டில் உரமே இல்லை, ஒன்றில் ரசாயன உரம், ஒன்றில் தொழு உரம் என்று தலைமுறை தலைமுறையாக அளந்து வருகிறார்கள். 1970-களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க இதே மாதிரி நீண்டகாலச் சோதனைகளைத் தொடங்கியது. திரும்பத் திரும்ப வந்த முடிவு: வெறும் நைட்ரஜன் மட்டும் போட்ட நிலம் நாளடைவில் சரிகிறது. சமச்சீரான ரசாயன உரத்தோடு தொழு உரமும் சேர்ந்த நிலமே விளைச்சலிலும் மண் வளத்திலும் நிற்கிறது.

பக்கத்தில் இலங்கை செய்தது வேறு. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தது. ஒரு எக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் தேவை, கையில் இருப்பது ஒரு சதவீத கம்போஸ்ட், அதில் 30 சதவீதம்தான் இந்தப் போகத்துக்கு என்றால் எக்டேருக்கு 33 டன் வேண்டும். அந்தக் கணக்கு நாடு முழுக்க எப்படி வரும்? சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரம் நோய்க்கிருமி இருப்பதாகத் திருப்பப்பட்டது. நவம்பரில் தடையும் விலக்கப்பட்டது. அதற்குள் பருவம் போய்விட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. 2022-ல் தேயிலை உற்பத்தி கால் நூற்றாண்டில் இல்லாத அளவுக்கு இறங்கியது. தேயிலையில் விற்பதே இலைதான், தழைச்சத்து குறைந்தால் முதலில் அடிபடுவது கொழுந்து. அந்த அடி மலையகத் தமிழ்த் தொழிலாளர்களின் கொழுந்துக் கூடையில்தான் முதலில் விழுந்தது.

சரி, பேச்சிப்பாறையில் எப்போது, எப்படிப் போடணும்?

கோடையில் காய்ந்து கிடந்த மண்ணில் ஏப்ரல், மே மாத மழை முதலில் விழும்போது நுண்ணுயிர்கள் திடீரென்று விழித்துக்கொள்ளும். மக்கிலிருந்து நைட்ரேட் ஒரே மூச்சில் வெளிவரும். காசில்லாமல் வரும் உரம். ஆனால் அப்போது நிலத்தில் வேர் இல்லை என்றால் ஜூன் மழை அதைக் கழுவிவிடும். அந்த நேரம் விளையில் தட்டைப்பயறோ சணப்பையோ நின்றால், நைட்ரேட்டைப் பிடித்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். பிறகு மடக்கி மண்ணில் சேர்க்கலாம்.

யூரியாவைத் தூவாமல், மூட்டைச் சுற்றி வட்டமாகக் கீறிப் போட்டு மண்ணால் மூடுவது பாதிச் சண்டையை ஜெயித்த மாதிரி. மூன்று தவணையை ஐந்து தவணையாகப் பிரித்தால் ஆள்கூலி கூடும். ஆனால் ஒரு பெருமழையில் போகும் அளவு குறையும். அன்றாட மழை முன்னறிவிப்பு கையில் உள்ள போனிலேயே வருகிறது. ஆரஞ்சு அலர்ட் இருக்கும் நாளில் உரம் வைக்க ஆள் கூப்பிட வேண்டாம். குலை தள்ளிய பிறகு தழைச்சத்து கொட்டுவதில் பலன் குறைவு, வாழை அதை எடுக்க வேண்டிய காலம் முன்பே முடிந்திருக்கும்.

அமிலத்தையும் கவனிக்கணும். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மண் மேலும் புளிக்கும். ஒரு கிலோ நைட்ரஜனை அம்மோனியம் சல்ஃபேட்டாகக் கொடுத்தால் அந்த அமிலத்தைச் சரிக்கட்ட 5 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு தேவை. யூரியாவாகக் கொடுத்தால் 2 கிலோவுக்குள். ஏற்கெனவே புளித்த மண்ணில் இந்த வித்தியாசம் பெரிது. கார அமில நிலை 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். வேர் கெட்டால் எந்த உரமும் எடுக்காது. சுண்ணாம்பும் யூரியாவும், அல்லது சுண்ணாம்பும் பச்சைச் சாணமும் ஒரே நாளில் சேர்த்துப் போட்டால் அம்மோனியா வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனை காசு. இரண்டுக்கும் இடையே சில வாரமாவது விட வேண்டும்.

மண்வள அட்டையில் உள்ள 'கிடைக்கும் தழைச்சத்து' எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, அதற்கு மேல் 450 வரை நடுத்தரம் என்று தமிழ்நாட்டில் வகைப்படுத்துகிறார்கள். ஆய்வகத்தில் இதை அளப்பது பெர்மாங்கனேட் கரைசலால், மக்கில் சுலபமாக உடையக்கூடிய பகுதி எவ்வளவு என்று பார்த்து. இன்று வேர்ப்பக்கம் எவ்வளவு நைட்ரேட் நிற்கிறது என்பதை அது சொல்லாது. நேற்றைய மழைக்குப் பிறகு அது அடியோடு மாறியிருக்கும். எனவே அட்டையில் 'நடுத்தரம்' என்று இருந்தும் இலை வெளிறினால் அட்டை பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. வாழையில் மஞ்சள் முதலில் அடி இலையில் வருகிறதா, குருத்தில் வருகிறதா என்று பார்க்கணும். தழைச்சத்துக் குறை என்றால் பழைய இலையில் சீராகத் தொடங்கும். குருத்து வெளிறினால் இரும்பு, கந்தகம் போன்ற வேறு குறை. அதற்கு யூரியா கேட்காது.